பள்ளத்தில் உட்கார்ந்த பொறு மாமா

கடலூர் மாவட்டத்தில் கட்டடம் கட்டியவர்களுக்கெல்லாம் கல்வெட்டு இருக்கிறது. கட்டவிடாமல் தடுத்ததற்காக ஒருவருக்குச் சிலை வைப்பதென்றால் எங்கள் பொறு மாமாவுக்குத்தான் வைக்க வேண்டும். சிலைக்கும் அவர் லேசில் சம்மதிக்க மாட்டார். பீடத்துக்கு அனுமதி வாங்கியாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

2009 வாக்கில் குடிகாடு கிராமத்தைத் தாண்டி ஓர் ஆலை வருவதாக இருந்தது. கடற்கரை மணலிலிருந்து தாதுக்களைப் பிரிக்கிற ஆலை. பிரிக்கும்போது யுரேனியமும் கொஞ்சம் தலைகாட்டும் என்பதால் சாதாரண அனுமதி போதாது, மேலிடத்து லைசென்ஸ் வேண்டும். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். ஸ்டோர் இன்னும் கட்டவில்லை. ஒரு தகரக் கொட்டகையில் மண்வெட்டிகளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். மாமா சைட் சூப்பர்வைசர். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவார். வந்து இறங்கியதும் முதல் வார்த்தை, "பொறு." அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

லைசென்ஸ் கைக்கு வரும்வரை முள்ளை வெட்டலாம், வேலி போடலாம், வண்டி போக வழி போடலாம், பள்ளம்கூட எடுக்கலாம். ஆனால் ஆலைக்கென்று ஒரு சட்டி கான்கிரீட் விழுந்தால் அது கட்டுமானம். முந்திக்கொண்டு கட்டியது தெரிந்தால் விண்ணப்பமே குப்பைக்குப் போய்விடும். இந்த விதி சைட்டில் எல்லோருக்கும் தெரியும். எப்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியும். மாமாவுக்கு முதல் பாதி மட்டும்தான் தெரியும்.

வீட்டிலும் இதே சட்டம்தான். பெரிய பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டுப் போனார்கள். அவருடைய சம்சாரம் ஆசையாகப் பட்டுப்புடவை எடுத்துவிட்டார்கள். மாமா யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். துணி எடுப்பது முள் வெட்டுகிற மாதிரி, எடுத்துக்கொள்ளலாம். ஜாக்கெட் தைப்பது கட்டுமானம். தட்டு மாற்றிய பிறகுதான் கத்திரி படலாம். அந்த அம்மாள் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நல்லவேளை தம்பி, எங்க கல்யாணத்துல தாலி கட்டுறப்ப இவுரு சட்டம் படிக்கல. படிச்சிருந்தா இன்னும் மணவறையிலதான் ஒக்காந்திருப்பேன்."

பூமி பூஜைக்கு முதலாளி நாள் குறித்ததுதான் முதல் வில்லங்கம். முதலாளிக்கு ஜோசியர் சொன்ன முகூர்த்தம் தவறக்கூடாது. மாமாவுக்கு முதல் செங்கல் மண்ணில் படக்கூடாது. ஐயர் நடுவில் முழித்தார். கடைசியில் மாமாவே வழி கண்டுபிடித்தார். டிராக்டர் டிரெய்லரில் மண்ணைக் கொட்டி, அதன்மேல் செங்கல் வைத்து, அங்கேயே பூஜை. கீழே இருந்தால் அஸ்திவாரம், வண்டியில் இருந்தால் லோடு என்றார். முதலாளி அம்மா பட்டுப்புடவையோடு டிரெய்லரில் ஏற ஸ்டூல் போட்டோம். தீபாராதனை நேரத்தில் டிரைவர் பழக்கதோஷத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். பூமி பூஜை சைட் கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

முள் வெட்ட வந்த பையன்களுக்கு அவர் ஒரு விளையாட்டுப் பொருள். அதில் சேவியர் ரொம்ப வாய். குடிகாட்டுக்காரன், ஐ.டி.ஐ. முடித்தவன். ஆலை வந்ததும் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பி குறிஞ்சிப்பாடியில் ஒரு பெண் வீட்டார் காத்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்களாம். அவனுக்கு ஒவ்வொரு நாளும் மாமா மேல் எரிச்சல் ஏறியது.

"மாமா, ஒன்னுக்குப் போவலாமா, இல்ல அதுக்கும் லைசென்ஸ் வரணுமா?"

"போ. பள்ளத்துல மட்டும் போவாத."

ஐப்பசி நெருங்கியது. மழை வந்தால் எடுத்த பள்ளம் குளமாகி, கரை சரிந்து, செய்த வேலையெல்லாம் வீண். முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. லைசென்ஸ் எப்படியும் வந்துவிடும், அடியில் கான்கிரீட்டைப் போட்டு மண்ணால் மூடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். வெள்ளிக்கிழமை கான்கிரீட் போட வேண்டும், முடியாதென்றால் மாமா சனிக்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொன்னார். மாமா தலையை ஆட்டினார். ஆள் வழிக்கு வந்துவிட்டார் என்று நானும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மிக்சர் மெஷின் உருள ஆரம்பித்தது. மாமாவைக் காணோம். எட்டிப் பார்த்தால் பள்ளத்துக்குள் பிளாஸ்டிக் சேரைப் போட்டு, குடையை விரித்து உட்கார்ந்திருக்கிறார். மடியில் டிபன் டப்பா. முதலாளி மேலே நின்று கத்தினார், கெஞ்சினார், வேலையை விட்டே எடுத்துவிட்டதாக அறிவித்தார். வேலையில் இல்லாத ஆளுக்கு முதலாளி உத்தரவு போட முடியாது என்று கீழிருந்து பதில் வந்தது. இட்லியும் பாதி தீர்ந்திருந்தது.

மிக்சர் சேவியர் பொறுப்பில் இருந்தது. அவன் பள்ளத்தின் ஓரத்துக்கு வந்தான். முகம் சிவந்திருந்தது.

"ஏந்திரிச்சி வா மாமா. ஒன்னால என் பொழப்பே நிக்கிது."

மாமா குடையைக் கொஞ்சம் சாய்த்து நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு வேல போனா வேற எடத்துல போய் ஒக்காந்துக்குவேன்டா. இந்த லைசென்ஸ் போச்சின்னா ஒனக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?"

சேவியர் திரும்பிப் போய் மிக்சரை நிறுத்தினான். கலந்த கான்கிரீட்டை என்ன செய்வது என்று ஒரு கூட்டமே கூடியது. வெளி ரோட்டிலிருந்த குழியை அடைக்கலாம், அது கட்டுமானம் ஆகாது என்று பள்ளத்துக்குள்ளிருந்து தீர்ப்பு வந்தது. குடிகாட்டுக்குப் போகிற பஸ் அன்றுதான் முதல்முறையாகக் குலுங்காமல் போனது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கு அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். பள்ளத்தில் கம்பி விட்டுக் குத்திப் பார்த்தார்கள். மண்தான் வந்தது. இங்கே பொறுப்பு யார் என்று கேட்டார்கள். முதலாளி, "இவர்தான்" என்று, தான் வேலையை விட்டு எடுத்த ஆளைக் காட்டினார். மாமா சனி, திங்கள் இரண்டு நாளும் வந்து பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தது அப்போதுதான் முதலாளிக்கே தெரிந்தது.

மழை வந்து பள்ளம் நிறைந்தது, தவளை கத்தியது, தண்ணீரை இறைத்தோம், கரை சரிந்தது, மறுபடி தோண்டினோம். பங்குனியில் லைசென்ஸ் வந்தது. மாமா அதைக் கண்ணாடி போட்டு ஒரு முறை, கழற்றி ஒரு முறை படித்தார். முதல் சட்டி கான்கிரீட்டைச் சேவியர்தான் தூக்கி வந்தான். வேண்டுமென்றே ஓரத்தில் நின்று, கொட்டலாமா என்று கேட்டான். மாமா பள்ளத்துக்குள் இறங்கி, காலால் மண்ணை ஒரு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு, அவன் நீட்டிய கையைப் பிடித்து மெல்ல மேலே ஏறினார்.

"கொட்டு," என்றார்.

அந்த வார்த்தைக்காக நாங்கள் எல்லோரும் எத்தனையோ மாதம் அவரைத் திட்டிக்கொண்டு காத்திருந்தோம். கேட்டபோது எனக்கு என்னவோ, மனிதர் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம் போலிருந்தது.