பிலாக்கதவு போன திசை

சந்தேகப்படுவது சுலபம். சரியான ஆளைச் சந்தேகப்படுவதுதான் கஷ்டம். எனக்கு முதலாவது மட்டும் நன்றாக வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி நாகர்கோவிலுக்கு வந்திருந்தேன். கணவருக்குக் கொல்லத்தில் வேலை. வீட்டில் நானும் மாமனாரும்தான். அவர் கிறிஸ்தவ சபையில் ஊழியம் செய்து ஓய்வுபெற்ற உபதேசியார். (காலமெல்லாம் பாவிகளோடு பழகியும் ஒருவரையும் சந்தேகிக்கத் தெரியாதவர்.)

எதிர்வீட்டில் ஒரு விதவை அம்மாள் தனியாக இருந்தார். இரண்டு பேர் வந்து, கூரை இன்றைக்கோ நாளைக்கோ விழுந்துவிடும் என்று பயமுறுத்தி, மேலே ஏறி நல்ல ஓடுகளையும் உடைத்துவிட்டு, முன்பணத்தோடு மறைந்துவிட்டார்கள். அதைக் கேட்டதும் எங்கள் வீட்டுக் காவலை நான் ஏற்றுக்கொண்டேன்.

"மாமா, இனி வேலைன்னு எவன் வந்தாலும் நீங்க பேசப்பிடாது. நான் பேசிக்கிடுதேன்."

மாமா தலையாட்டினார். அதைச் சம்மதம் என்று நினைத்தேன்.

ஒருநாள் அவர் சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, கோட்டுப் போட்டு, குடையோடு ஒருவர் வந்தார். கறையானுக்கு மருந்து வைப்பவராம். நான் விடுவேனா? எந்த ஊர், யார் அனுப்பியது, பட்டறை எங்கே என்று குறுக்கு விசாரணை செய்தேன். வடசேரியில் பட்டறை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தாங்கள் எச்சரிக்கையாக இருப்பது நல்லது, அம்மா. ஏணியோடு ஒருவன் அலைகிறான். முதியவர்கள் உள்ள வீடாகப் பார்த்து ஏமாற்றுகிறான்" என்றார்.

அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். என்னைப் போலவே சந்தேகப்படுகிற ஒரு மனிதர்!

பலாமரத்தில் செய்த அடுக்களையின் பிலாக்கதவைத் தட்டிப் பார்த்து, உள்ளே கறையான் இருக்கிறது, எண்ணெயில் ஊறவைத்துச் சாயங்காலம் மாட்டிவிடுகிறேன் என்றார். கதவைக் கழற்றும்போது ஒரு பக்கம் நான்தான் பிடித்துக்கொடுத்தேன். அவரும் அவரோடு வந்திருந்த ஆளும் பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

முன்வாசலில் சத்தம். பார்த்தால், ஏணியோடு ஒருவன்!

"உபதேசியார் ஓடு மாத்த வரச்சொன்னாவ."

"ஏறும்" என்றேன், தேனொழுக. அவன் ஏறி உடைந்த ஓடுகளைக் கழற்ற ஆரம்பித்ததும் ஏணியை உருவி முற்றத்தில் போட்டேன்.

"எம்மா, ஏணி!"

"அங்கனயே இரும். மாமா வரட்டு."

அவன் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். "எம்மா, அது ஒங்க கதவா? வண்டியில ஏத்துதானுவ!"

"நாந்தான் குடுத்தேன். வடசேரிக்குப் போவுது."

"வடசேரிக்கு எதுக்கு குளச்சல் ரோட்டுல திரும்புதான்? ஏணிய வையுங்கம்மா, ஓடிப் புடிச்சிருவேன்!"

ஓடிவிடப் பார்க்கிறான், கள்ளன்! நான் ஏணிமேல் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. கழற்றிய இடம் வழியாக வீட்டுக்குள் கொட்டியது. பாத்திரங்களை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த ஓட்டை வழியாக அவன் முகம் தெரிந்தது. "புது ஓடு கீழ கெடக்கும்மா" என்றான் பொறுமையாக.

மாமா நனைந்துகொண்டே வந்தார். "தங்கையா, இந்த மழையில மேல என்னல செய்யிதே?"

"எறங்கத்தான் பாக்கேன், உபதேசியாரே."

மாமா என்னைப் பார்த்தார். "நீ சத்தம்போடுவேன்னுதான் இவன வரச்சொன்னத சொல்லல்ல, மக்கா." உள்ளே போனவர் திரும்பி வந்து மெல்லக் கேட்டார்: "அடுக்களையில ஆடு நிக்குதே, கதவ எங்க?"

நான் அழுததைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, கதவைக் கொடுத்தது தான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். எல்லோரும் உடனே நம்பினார்கள். வயசானவர் அல்லவா! ஊருக்கு வந்த என் கணவரும், "அப்பாவைத் தனியா விடாதே, நீதான் பாத்துக்கிடணும்" என்றார். மாமா தலையாட்டிக்கொண்டே கஞ்சி குடித்தார். நான்தான் தாங்க முடியாமல் உண்மையைச் சொன்னேன். வீடு மறுநாள்வரை சிரித்தது.

தங்கையன் மட்டும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகும் வருஷந்தோறும் எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்ற வந்தான். மேலே ஏறியதும் முதல் வேலையாக ஏணியைத் தூக்கிக் கூரைமேல் வைத்துக்கொள்வான். ஓடு மாற்றுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்தே என் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.