சாமியைக் கொட்டாவி விடவைத்த ரெகே

சாமியை வரவழைக்கப் பாடுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். வந்த சாமியைப் பாடியே திருப்பி அனுப்பியவன், எனக்குத் தெரிந்து செஞ்சி வட்டாரத்தில் நான் ஒருத்தன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

அப்போது நான் ரெகே பாடகன். ஜமைக்காவில் பிறந்த பாட்டு. ஆடி அசைந்து மெதுவாகப் போகும், கடவுளைப் பற்றி நிறையப் பேசும். நானும் அங்காளம்மன் மேல் எட்டுப் பாட்டு ரெகேயில் கட்டி, புதுச்சேரி மொட்டைமாடி ஓட்டல்களில் மூன்று வருடம் பாடினேன். (எதிரே இருந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை ரசிகர்கள் என்று சொல்லலாமா, தெரியவில்லை.)

நைனாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஆடி அமாவாசைக்குக் குலசாமிக்குப் பொங்க வெக்கிறோம். அத்தை மேல சாமி வரும்ல, அதையே கேட்டுடலாம். பாடுன்னா பாடு. வேணாம்னா கிட்டாரை மூட்டை கட்டிட்டு வேலைக்குப் போ" என்றார். அத்தை அவருடைய அக்கா. எங்கள் வகையறாவில் கல்யாணம், காதுகுத்து, போர்வெல் போடுவது எல்லாமே முப்பது வருடமாக அத்தை வாயால்தான் முடிவாகும். நானும் ஒத்துக்கொண்டேன், கிறுக்குப் பய.

கோட்டை அடிவாரத்துக் கோயிலில் காலை பத்து மணிக்கே பொங்கல் ரெடி. பம்பைக்காரரைத்தான் காணோம். போன் போட்டால், "மேல்மலையனூர் கூட்டத்துல மாட்டிக்கினேன் சார், பஸ்ஸே நவுரல" என்கிறார். பம்பை இல்லாமல் சாமி எப்படி வரும் என்று நைனா தலையில் கை வைத்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நான் பாடுறேன் நைனா."

ஸ்பீக்கரைப் போட்டு ஆரம்பித்தேன். அத்தைக்கு உடம்பு சிலிர்த்தது, தலை சுழன்றது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்புறம்தான் வினை. பம்பையில் அடிக்கு அடி விழும். ரெகேயில் முதல் அடியைச் சும்மா விட்டுவிட்டு அடுத்ததில் தட்டுவோம். அத்தை ஆடக் காலைத் தூக்கினார். வைக்க அடி இல்லை. தூக்கிய காலோடு நின்றார். மறுபடி தூக்கினார், மறுபடி நின்றார். நான் பதறிப்போய் இன்னும் உருக்கமாகப் பாட, பாட்டு இன்னும் மெதுவாகிவிட்டது.

நைனா கற்பூரத் தட்டோடு ஓடிவந்தார். "தாயே, இவன் பாடலாமா, வேணாமா?"

அத்தை பெரிசாக ஒரு கொட்டாவி விட்டார். வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். சாய்ந்தார். குறட்டை வந்தது.

"மலையேறிடுச்சு" என்றார் பூசாரி, கொஞ்சம் சந்தேகமாக.

"வாக்கு வந்துடுச்சு. நாளைலேர்ந்து வேலை தேடு" என்றார் நைனா. நாற்பது சொந்தக்காரர்களும் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பொங்கல் சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள்.

இப்போது தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விசேஷ வீட்டில் எவனாவது குடித்துவிட்டு எகிறினால், "நம்ம ரெகேக்காரனைக் கூப்ட்டு ஒரு பாட்டு பாடச் சொல்லு, அடங்கிடுவான்" என்று சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன். வலிக்கத்தான் செய்கிறது.

அத்தை மட்டும் சிரிப்பதில்லை. போன மாதம் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பது வருசமா ஆளாளுக்கு ஆடு, சொல்லுன்றாங்கடா. அன்னிக்கு ஒரு நாள்தான் என்னை யாரும் எழுப்பல. அதைப் பாடு, கேப்போம்."

மெஷினை நிறுத்திவிட்டுப் பாடினேன். இரண்டாவது சரணத்துக்குள் தூங்கிவிட்டார். வாசலில் ஆறு பேர் பேப்பரும் கையுமாக நின்றார்கள். பாட்டு முடிகிறவரைக்கும் அவர்களை நிற்கவைத்தேன்.