எம்மவள எதுக்கு எழுப்புனீய?

எங்கள் பக்கத்தில் ஒருவர் பெரிய ஆளா, சாதாரண ஆளா என்று அறிய அதிகம் மெனக்கெட வேண்டாம். அவர் வந்ததும் யாராவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்களா என்று பார்த்தால் போதும். நடவு நடக்கும்போது வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் நிலத்துக்காரர். பீடிக் கடையில் நாற்காலியில் இருப்பவர் கணக்குப்பிள்ளை. கட்டுகளைக் கொண்டுவந்த பெண்கள் நிற்பார்கள். வேலை செய்கிறவர் நிற்பார், வேலை வாங்குகிறவர் உட்கார்ந்திருப்பார். இந்த விதிக்கு உலகத்தில் விலக்கே கிடையாது என்று என் அம்மா நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு விலக்கு இருக்கிறது. அதன் பெயர் கூடைப்பந்து.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்து ஊர். அப்பா லோடு ஆட்டோவில் வாழைத்தார் ஏற்றி இறக்குகிறவர். அம்மா பேச்சியம்மாள் பீடி சுற்றுகிறவள். நான் ப்ளஸ் டூ தேறியதும் (நல்ல மார்க்கில். இதை நான் எங்கேயாவது சொல்லாமல் விட்டிருந்தால் அது அச்சுப் பிழை) பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் சேர்ந்தேன். என் உயரத்தைப் பார்த்ததும் கூடைப்பந்து அணிக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். உயரம் இருந்தால் ஆட்டம் தானாக வரும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. அப்படிப் பார்த்தால் எங்கள் தெருத் தென்னைமரம்தான் கேப்டனாக இருந்திருக்க வேண்டும்.

அந்த அணி லேசுப்பட்ட அணி இல்லை. கல்லூரிகளுக்கு இடையிலான கோப்பை பல வருடங்களாக அந்த வளாகத்தைவிட்டு வெளியே போனதே கிடையாது. பழைய கோச் ஓய்வு பெற்றுவிட்டார். நன்றாக ஆடிக்கொண்டிருந்த அக்காமார் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். மிஞ்சியது முதலாமாண்டுப் பிள்ளைகளான நாங்களும், புதிதாக வந்த ஜெபா மிஸ்ஸும்தான். மிஸ்ஸுக்கு எங்களைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. வேலை தற்காலிகம். கோப்பை இருந்தால் மிஸ் இருப்பார், கோப்பை போனால் மிஸ்ஸும் போக வேண்டியதுதான் என்று கல்லூரிச் செயலர் சொல்லிவிட்டதாக விடுதிச் சமையல்கட்டு வரைக்கும் பேச்சு.

அது போதாதென்று ரசிகர்கள் வேறு. பழைய மாணவிகள் சிலர் சாயங்காலப் பயிற்சிக்கே குடையோடு வந்து உட்கார்ந்து, நாங்கள் தவறவிடும் ஒவ்வொரு பந்துக்கும் “ச்சு” கொட்டுவார்கள். கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி இன்னும் மோசம்.

“டீச்சர், முன்னால இருந்த டீம்ல ஒரு புள்ள இங்கன நின்னு எறிஞ்சா அங்கன விழும். இப்ப உள்ளதுவ அங்கனயே போய் நின்னு எறிஞ்சாலும் இங்கனதான் வந்து விழுது.”

“சின்னப் புள்ளையல்லா அண்ணாச்சி, பைய வந்துரும்” என்பார் மிஸ்.

“பைய வரட்டும். ஃபைனலுக்கு முந்தி வந்துரணும், அவ்ளோதான்.”

மிஸ் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம்கூடச் சிரிப்பு இருக்காது.

இந்த நெருக்கடியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், மிஸ்ஸுக்குப் பக்கத்து நாற்காலியை அந்த வருடம் முழுவதும் உறுதியாகக் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. வெளியே வருகிற பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டுவேன், துண்டு கொடுப்பேன், கை தட்டுவேன். “எப்ப மிஸ் என்ன எறக்குவீங்க?” என்று கேட்டால், “நேரம் வரட்டும் இசக்கி” என்பார்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஜெர்சியோடு நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அப்பாவின் போனுக்கு அனுப்புவேன். அம்மா அதில் ஒன்றைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். நான் அனுப்பியது படம் மட்டும்தான். விளக்கவுரை முழுக்க அவர்களுடையது. (திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். படித்த பெண்ணுக்கு ஆயிரம் வேலை.)

இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. நான் வார்ம்அப் முடித்துத் திரும்பினால், கல்லூரி வாசல் வழியாக எங்கள் லோடு ஆட்டோ உள்ளே வருகிறது. பின்னால் வாழைத்தாருக்குப் பதில் எங்கள் தெரு நிற்கிறது. நான் யாரையும் கூப்பிடவே இல்லை.

அன்றைக்கெல்லாம் மைதானத்துக்கு வேலி, தடுப்பு எதுவும் கிடையாது. சிமெண்ட் தரை, வெள்ளைக் கோடு, கோட்டைத் தொட்டுக்கொண்டு ஜனம். அம்மா நேராக வந்து என் நாற்காலிக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒரு பக்கம் அப்பா, மறு பக்கம் குடை வைத்திருந்த பழைய மாணவி ஒருவர். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் பேச்சு கேட்டது.

“ஒங்க பொண்ணு ஆடுதாளாம்மா?”

“அவ எதுக்கு ஆடணும்? அந்தா, டீச்சர் பக்கத்துல சேர்ல இருக்கா பாருங்க, அவதான். மத்த புள்ளைய எல்லாம் கெடந்து ஓடுதுவ, பாவம். நல்ல மார்க்கு எடுத்த புள்ளன்னு இவள இருத்தியிருக்காவ.”

குடைக்கார அம்மாள் குடையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். நான் ஸ்கோர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

“ஏங்க, இங்க பாருங்க. ஓடிட்டு வாரவளுக்கு இவதான் தண்ணி எடுத்துக் குடுக்கா. எல்லாம் இவ பொறுப்புலதான் விட்ருக்காவ.”

“ஸ்டோரு சாவியும் இவகிட்டதான் இருக்கும்” என்றார் அப்பா, நிதானமாக.

ஆட்டம் கடைசி நிமிடத்துக்கு வந்தது. நாங்கள் ஒரு புள்ளி முன்னால். பந்து எங்கள் கையில். டீக்கடை அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டு வந்து கோட்டோரம் குத்தவைத்திருந்தார். செயலர் முன்வரிசையில். அந்த நேரம் பார்த்து எங்கள் கேப்டன் மெர்சி கால் பிசகி விழுந்தாள். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். மிஸ் டைம்அவுட் கேட்டார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். ஆடக்கூடிய மற்றவர்கள் எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள்.

“இசக்கி, எழும்பு.”

என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான இரண்டு சொற்களை நான் கேட்டதில்லை.

“பந்து வந்தா வச்சுக்கிட்டு நிக்காத. ஒடனே செல்விக்குக் குடுத்துரு. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்” என்றார் மிஸ். நான் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, சினிமா நடை நடந்து மைதானத்துக்குள் போனேன்.

பின்னால் தரையில் பிளாஸ்டிக் உரசும் சத்தம் கேட்டது. திரும்பினேன். அம்மா என் நாற்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வெள்ளைக் கோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள்.

“யம்மா டீச்சர்! எம்மவள எதுக்கு எழுப்புனீய? அவ என்ன தப்பு செஞ்சா?”

மிஸ் வெளியே போகச் சொல்லிக் கை காட்டினார். அம்மா நிற்கவில்லை.

“வருசம் பூரா மரியாதையா இருந்த புள்ள. அந்தப் புள்ளைக்கு கால் போச்சுன்னா அதுக்கு எம்மவளா கெடச்சா? ஓடுததுக்கு வேற ஆளே இல்லியா இந்தக் காலேஜ்ல?”

அம்மா நடுவட்டத்தில், மிகச் சரியாக மையத்தில், நாற்காலியை வைத்தாள். என் கையைப் பிடித்தாள்.

“சேர்ல இருட்டி.”

விசில் கிழிந்தது. ரெஃப்ரி ஓடிவந்து ஒரு உள்ளங்கையின் மேல் மறு கையைக் குத்திட்டு நிறுத்திக் காட்டினார். டெக்னிக்கல் ஃபவுல்.

“சும்மா ஊதாதியும்வே! நான் டீச்சர்ட்ட பேசிக்கிட்டு இருக்கேம்லா?” என்றாள் அம்மா.

அப்பா வந்து ஒரு கையில் அம்மாவையும் மறு கையில் நாற்காலியையும் பிடித்துக்கொண்டு வெளியே போனார். போகிற போக்கில் ரெஃப்ரிக்கு ஒரு கும்பிடும் போட்டார். (இரண்டு கையும் நிறைந்திருந்ததால் தலையால்.)

அந்தத் தவறுக்காக, யாரும் மறிக்காமல் எறிய எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கொடுத்தார்கள். விழுந்தது. சமன். பிறகு பந்து மறுபடி எங்களுக்கு. ஓரத்திலிருந்து எறிந்தார்கள், அது என்னிடம் வந்தது. வருடம் முழுக்க நான் காத்திருந்த பந்து. செல்வி இந்தப் பக்கம் கத்துகிறாள். நானோ அம்மா மறுபடி வருகிறாளா என்று அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு, பந்தைச் சாம்பார் வாளி மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றேன். எதிரணிப் பெண் வந்து அதை வாங்கிக்கொண்டாள். பறித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு எளிதாக வாங்கினாள். ஓடினாள், போட்டாள். ஆட்டம் முடிந்தது.

குடைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அண்ணாச்சி மட்டும் பேசினார்: “கப்பு வைக்கிற அலமாரிய இனி பூட்டிரலாம் டீச்சர்.”

மெர்சி என் முகத்தையே பார்க்கவில்லை. அப்பா என்னையும் வண்டியில் ஏற்றிவிட்டார். வண்டி மேலப்பாளையம் வந்தது. அம்மாதான் ஆரம்பித்தாள்.

“அந்த டீச்சருக்கு ஒம்மேல என்னட்டி கோவம்? ஏன் ஒன்னய சேர்லேருந்து எறக்கி விட்டா?”

“யம்மா, அவிய எறக்கி விடல. ஏத்தி விட்டாவ. நல்லா ஆடுதவள ஆட விடுவாவ. ஆடத் தெரியாதவளத்தான் சேர்ல ஒக்கார வைப்பாவ.”

அம்மாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. வேறு யாருடைய மகளைப் பற்றியோ கேட்கிற மாதிரி கேட்டாள்.

“அப்ப... வருசம் பூரா?”

“வருசம் பூரா.”

“தண்ணி எடுத்துக் குடுத்தது?”

“சும்மாதான இருந்தேன், அதான் குடுத்தேன்.”

“ஸ்டோரு சாவி?” என்றார் அப்பா, கடைசி நம்பிக்கையாக.

“அது வாட்ச்மேன்கிட்ட.”

அம்மா சேலை முந்தியை இழுத்துச் செருகினாள்.

“வண்டியத் திருப்புங்க.”

“ஏளா, எதுக்கு?”

“எம்மவள எதுக்கு வருசம் பூரா ஒக்கார வச்சான்னு கேக்கணும்.”

எழுப்பியதற்காக ஒரு சண்டை, உட்கார வைத்ததற்காக ஒரு சண்டை. ஒரே நாளில், ஒரே டீச்சரிடம். நான் வண்டியிலிருந்து குதித்துவிடலாமா என்று யோசித்தேன். அப்பாவோ திருப்பிவிட்டார். அம்மா அந்தக் குரலில் சொன்னால் வண்டி தானாகவே திரும்பும்.

மைதானத்தில் செயலர் நாற்காலியில் இருந்தார். ஜெபா மிஸ் அவர் முன்னால் நின்றிருந்தார். குடைகளும் அண்ணாச்சியும் சுற்றி நின்றார்கள். “அடுத்த மாசத்துலேருந்து நீங்க வர வேண்டாம்” என்று செயலர் சொன்னது எங்களுக்குக் கேட்டது. மிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேகமாக நடந்துகொண்டிருந்த அம்மா சட்டென்று நின்றாள். பீடிக் கடையில் கட்டு சரியில்லை என்று கணக்குப்பிள்ளை கழிக்கும்போது, அவளும் இப்படித்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

“ஐயா, டீச்சர எதுக்கு ஏசுதீய? சேரத் தூக்கிட்டு உள்ள போனது நானு. ஊதுனது அந்த ஆளு. பந்த விட்டது எம்மவ. இதுல டீச்சரு எங்கன வாரா?”

“நீங்க யாரும்மா?” என்றார் செயலர்.

“அவியதான் சார் அந்த சேர்காரம்மா” என்றார் அண்ணாச்சி.

அதற்குள் அம்மா மிஸ் பக்கம் திரும்பிவிட்டாள். வந்த வேலையை விட முடியுமா?

“ஆனா டீச்சர், எம்மவள ஒக்கார வச்சே வச்சிருந்தியள்ளா, அது தப்பு. ஒரு நாளு எறக்கி விட்டிருந்தா இன்னைக்கு பந்தப் பாத்து இப்படி முழிச்சிருப்பாளா? இனிமே அங்கன சேரே போடப்படாது. எல்லாப் புள்ளையளும் ஒண்ணா ஓடட்டும்.”

ஒரு நேரத்தில் ஐந்து பேர்தான் ஆட முடியும் என்று யாரும் அம்மாவிடம் சொல்லத் துணியவில்லை. மிஸ் மட்டும் நிமிர்ந்தார்.

“தப்புதாம்மா. கப்பு போயிருமோன்னு பயம். ஆடத் தெரிஞ்ச புள்ளைகள மட்டுமே எறக்கினேன். மத்ததுகளுக்கு ஆடக் கத்துக் குடுக்கவே இல்ல” என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். குடைக்கார அம்மாள் குடையை மடக்கி, “நாமளும் இந்த டீச்சர ரொம்பத்தான் நெருக்கிட்டோம்” என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். அண்ணாச்சி தொண்டையைச் செருமிவிட்டு, எல்லாருக்கும் டீ கொண்டுவரப் போனார்.

செயலர் இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: இனி ஆட்டம் நடக்கும்போது மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டும்.

மறு வருடமும் கோப்பை வரவில்லை. ஆனால் எல்லாரும் ஆடினோம். மூன்றாம் வருட இறுதி ஆட்டத்தில் கோப்பை வந்தது. அதில் நானும் ஆடினேன், மூன்று பந்து போட்டேன். (நாலு. ஒன்றை ரெஃப்ரி ஒத்துக்கொள்ளவில்லை.) இப்போது கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஜெபா மிஸ் அங்கேயே நிரந்தரமாகிவிட்டார். அந்தக் கயிறும் நிரந்தரமாகிவிட்டது. அணிப் பிள்ளைகள் அதற்கு ‘பேச்சியம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “பேச்சியம்மாவக் கட்டியாச்சா?” “பேச்சியம்மா தொவண்டு கெடக்கா, இழுத்துக் கட்டுங்கட்டி.”

அம்மா ஒரு இறுதி ஆட்டத்தையும் விடுவதில்லை. போன முறை நானும் கூடப் போயிருந்தேன். யார் வீட்டுப் பிள்ளையோ ஒன்று ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. “டீச்சர், அந்தப் புள்ளைய எறக்குங்க டீச்சர்!” என்று அம்மா கயிற்றின்மேல் சாய்ந்து கத்திக்கொண்டிருந்தாள். முதலாமாண்டுப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள்.

“கொஞ்சம் பின்னால நில்லுங்கம்மா. பேச்சியம்மாவத் தாண்டி யாரும் உள்ள வரக்கூடாது.”

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அது யாரு தாயி பேச்சியம்மா?”

“சரியாத் தெரியலம்மா. முன்னால இங்கன இருந்த பெரிய கோச்சாம்.”

வீட்டில் அப்பா இப்போது சாப்பாடு கேட்பதென்றாலும் “பெரிய கோச்!” என்றுதான் குரல் கொடுக்கிறார். அம்மாவும், அது தன் பெயர்தான் என்பதுபோல, “என்ன?” என்கிறாள்.