சோளக்காட்டில் குப்புறப் படுத்தவர்

மூச்சை விட்டால் பூச்சி போய்விடும். விடாவிட்டால் ஐயாத்துரை போய்விடுவார். அப்படியொரு இக்கட்டில்தான் அவர் புளியங்கரிசல் கிராமத்து மக்காச்சோளக் காட்டில், வரப்பை ஒட்டிக் குப்புறப் படுத்துக் கிடந்தார்.

அவர் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, காய்ந்த தட்டை ஒன்றில் ஒரு கும்பிடுபூச்சி உட்கார்ந்திருந்தது. வீட்டுத் தோட்டத்தில் வருகிற பச்சைப் பூச்சி இல்லை இது. உடம்பு சருகுபோல, கழுத்து நீளமாக, நெற்றியில் குட்டிக் கொம்பு. வயலின் வாத்தியத்தின் சாயல் இருப்பதால் படம் எடுக்கிறவர்கள் இதை வயலின் பூச்சி என்பார்கள். திருச்சுழிப் பக்கத்துக் காடு கரையெல்லாம் இதற்காகத்தான் அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் அலைந்தார். இன்றைக்கு ஞாயிறுகூட இல்லை. அருப்புக்கோட்டையில் அவருடைய பாத்திரக்கடையில் மனைவி தீபலட்சுமி தனியாக வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் பந்தல்குடியில் லோடு இறக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்.

மதுரையில் ஒரு பூச்சிப்படக் கண்காட்சி. பூச்சியின் முகம் மட்டும்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பியாகவேண்டும். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அவர் அனுப்பியவை போன வேகத்தில் திரும்பி வந்தன. நேற்று தீபலட்சுமி காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"என் வளையலு இருக்கவேண்டிய பீரோவுல ஒங்க லென்ஸு ஒக்காந்திருக்கு. இந்தத் தடவையும் தேறலேன்னா அத வித்துட்டு எனக்கு வளையலு எடுத்துக் குடுத்துரணும். சத்தியம் பண்ணுங்க."

பண்ணிவிட்டார். பண்ணாமல் அந்தக் காபி கைக்கு வந்திருக்காது.

இத்தனை கிட்டத்தில் போய் எடுக்கிற லென்ஸில் ஒரு வம்பு உண்டு. கண் தெளிவாக விழுந்தால் கொம்பு மங்கிப்போகும். கொம்பைப் பிடித்தால் கண் போய்விடும். எள்ளளவு ஆழத்துக்குத்தான் தெளிவு. ஆகவே முடியளவு முடியளவாக முன்னே நகர்ந்து ஒரே முகத்தை முப்பது நாற்பது படம் எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். அதுவரைக்கும் பூச்சியும் அசையக்கூடாது, ஐயாத்துரையும் அசையக்கூடாது. வெளிச்சம் சுள்ளென்று விழுந்தாலும் கெட்டது. அதற்காக ஃபிளாஷுக்கு முன்னால் பட்டர் பேப்பரில் ஒரு சின்னக் குடை செய்து மாட்டியிருந்தார்.

ஒன்பது, பத்து, பதினொன்று. பூச்சி அசையவில்லை. அட என் ராசா, அட என் தங்கமே என்று மனசுக்குள் கொஞ்சினார். நெஞ்சு அடிக்கிற அடியில் கேமரா ஆடிவிடுமோ என்று பயமாக இருந்தது.

"ஏ, யாருய்யா அது? பாம்பு கீம்பு கடிச்சிருச்சா?"

குரல் காலடியில் கேட்டது. காட்டுக்குச் சொந்தக்காரர் சோலை. ஐயாத்துரை வாயைத் திறக்கவில்லை. கடிக்கவில்லை என்பதற்கு இடது காலை மட்டும் லேசாக ஆட்டிக் காட்டினார்.

"உசுரு இருக்கு," என்று சோலை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குனிந்து கேமராவைப் பார்த்தார். "படமா எடுக்கீக? புழு தின்ன சேதத்தையா?"

பதினாலு, பதினைந்து.

"அப்ப ஆபீசருங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறக்கவேண்டும். தலையை ஆட்டினால் கேமராவும் ஆடும். இந்த மனுஷன் போய்த் தொலைந்தால் போதும் என்று ஐயாத்துரை ஒரு கையை மெல்லப் பின்னால் கொண்டுபோய்க் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சோலை போனார். போனவர் சும்மா போகவில்லை.

"ஏலே மொக்கையா! ஆபீசரு வந்துட்டாகடா! எல்லாரையும் கூட்டிட்டு வா!"

அந்த ஊரில் மக்காச்சோளம் முழுக்கப் படைப்புழு விழுந்திருந்தது. குருத்தெல்லாம் சல்லடை. வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனால்தான் நிவாரணம். எழுதவேண்டிய ஆபீசர் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று போனிலேயே பயிர் பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் ஐயாத்துரைக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பூமி அதிர்ந்ததும், இருபது முப்பது கால்கள் தன்னைச் சுற்றி வந்து நின்றதும்தான்.

"சார், இதப் பாருங்க சார்!" மொக்கையன் ஒரு டிபன் பாக்ஸைத் திறந்து அவர் மூக்கடியில் கவிழ்த்தார். உள்ளே இருந்த புழுக்கள் அத்தனையும் தட்டைக்கடியில் விழுந்தன.

வயலின் பூச்சி தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தது. படபடவென்று பறந்து சோளத்துக்குள் போய்விட்டது.

"ஐயையோ!" என்று ஐயாத்துரை எழுந்து உட்கார்ந்தார். அழுகையே வந்துவிட்டது.

"ஆபீசரே அழுகாக பாருங்கடா," என்றார் சோலை. "சேதம் அப்படி!"

இந்தக் கூட்டத்தைக் கலைத்தால்தான் பூச்சியைத் தேடலாம். ஐயாத்துரை சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, கடையில் சரக்கு இறக்குகிறவர்களிடம் பேசுகிற குரலை எடுத்தார். "இப்படிக் கூட்டம் போட்டா வேல நடக்காது. அவுகவுக காட்டுல போயி நில்லுங்க. நான் ஒவ்வொண்ணா வாரேன்."

நல்ல யோசனை என்றுதான் நினைத்தார். ஆனால் அவர்கள் தனித்தனியாகப் போய் நின்றதும் ஒவ்வொரு காட்டிலிருந்தும் ஒரு கூப்பாடு கிளம்பியது. சோளத்துக்குள் எந்தப் பக்கம் நுழைந்தாலும் ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார். பூச்சியைத் தேடி மொக்கையன் காட்டுக்குள் பதுங்கிப் பதுங்கிப் போனால், மொக்கையன் பின்னாலேயே வந்தார்.

"இங்க படுங்க சார். இங்கதான் அதிகம்."

"நான் படுக்கணும்னு இல்லண்ணே…"

"சோலைக்கு மட்டும் படுத்தீக?"

படுத்தார். வேறு வழியில்லாமல் குருத்துக்குள் இருந்த ஒரு புழுவை லென்ஸில் பிடித்தார். பிடித்த மாத்திரத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. அட, இவன் நெற்றியில் தலைகீழாக ஒரு கவட்டை போட்டிருக்கிறானே! தாடையில் எத்தனை பல்! எழுந்து கேமராத் திரையை மொக்கையனிடம் காட்டினார். தன் பயிரைத் தின்றவனைத் திரை நிறையப் பார்த்த மொக்கையன் இரண்டடி பின்வாங்கினார்.

"இவனா? இவனா சார்? அடப் படுபாவி, எங்க வீட்டு நாயி மூஞ்சி கணக்கா இருக்கான்!"

அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதே பின்னால் கரக், கரக் என்று சத்தம். யாரோ மேய்ச்சலுக்கு ஓட்டிப் போன வெள்ளாடு ஒன்று, தோள்பையின்மேல் கழற்றி வைத்திருந்த பட்டர் பேப்பர் குடையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. துரத்தினார். ஆடு மிச்சத்தையும் வாயில் திணித்துக்கொண்டு ஓடியது.

போதும். உண்மையைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று அவர் சோலையைத் தேடி வந்தார். சோலை வேப்பமரத்தடியில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, சென்னையில இருந்து வந்திருக்காக. ரொம்பப் பெரியவுக. ஒரு எல விடாம தரையில படுத்துப் பாக்காக. நீங்க ஏன் வரலைன்னு கேட்டாக, நான் என்னத்தச் சொல்ல?"

ஐயாத்துரை மரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். சென்னை என்று நான் எப்போது சொன்னேன்? யாரையும் எதையும் கேட்கவில்லையே! இனி உண்மையைச் சொன்னால் தோலை உரித்துவிடுவார்கள். வரப்போரம் நிறுத்தியிருந்த தன் பைக்கை நோக்கி நைசாக நடந்தார்.

பைக்கின்மேல் சாய்ந்துகொண்டு சோலையின் மனைவி சந்தனம்மாள் நின்றாள், கையில் டீ தம்ளரோடு.

"எங்க போறீக தம்பி?"

"ஒரு அவசர வேலக்கா. கெளம்புறேன்."

"கெளம்புறதா? இன்னும் நாலு காடு கெடக்கு. டீயக் குடிச்சிட்டுப் போய்ப் படுங்க." பைக் சாவி அவள் இடுப்பில் செருகியிருந்தது. எப்போது எடுத்தாளோ.

டீயைக் குடித்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது. அந்த நேரம் பார்த்து தீபலட்சுமியின் போன் வந்தது.

"லோடு எறக்கியாச்சா? எம்புட்டு நேரம்? இங்க சீர் சாமான் எடுக்க ஒரு கல்யாண வீடே வந்து ஒக்காந்திருக்கு."

"எறக்கிக்கிட்டே இருக்கேன் தீபா. இந்தா முடிஞ்சுரும்."

அதற்குள் அடுத்த காட்டிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கணீரென்று வந்தது. "சார்! எங்க காட்டுலயும் வந்து கொஞ்சம் படுத்துட்டுப் போங்க சார்!"

போனில் கல்யாண வீட்டுக்காரர்கள் ஏதோ குக்கரைத் தட்டிப் பார்க்கிற ஓசை மட்டும் கேட்டது.

"வீட்டுக்கு வாங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

லென்ஸும் போயிற்று, வீட்டில் சோறும் போயிற்று என்று முடிவு செய்துகொண்டு ஐயாத்துரை அடுத்த காட்டுக்கு நடந்தார். படுத்தார். எழுந்தார். இன்னொரு காட்டில் படுத்தார். முட்டியும் முழங்கையும் கரிசல் அப்பிக் கறுத்துப்போயின. பூச்சியைக் காணவே காணோம். வெயில் ஏறிவிட்டது. இனிமேல் பூச்சி அகப்பட்டாலும் இந்த வெயிலில், குடையும் இல்லாமல், கண்ணெல்லாம் வெள்ளை அடித்துப்போகும்.

அப்போது வரப்போரம் ஒரு ஜீப் வந்து நின்றது. வெள்ளைவெளேர் சட்டை போட்ட ஒருவர் குதித்து இறங்கி, வரப்பில் சுற்றி வரப் பொறுமையில்லாமல் சோளத்தை விலக்கிக்கொண்டு நேராக ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. ஐயாத்துரையின் மண் அப்பிய சட்டையைப் பார்த்ததும் விறைப்பாக நின்றார்.

"வணக்கம் சார்! நீங்க வரப்போறதா தகவலே இல்ல சார். நான் நாளைக்கு இந்தப் பக்கம்தான் சார் வர்றதா இருந்தேன். காலையிலேயே…"

நிஜ ஆபீசர்! மாட்டினோம், போலீஸ்தான் என்று ஐயாத்துரை கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

ஆபீசரின் வெள்ளைக் காலரில், காதுக்குக் கீழே, சோளத்திலிருந்து தொற்றிக்கொண்டு வந்த வயலின் பூச்சி உட்கார்ந்திருந்தது.

"அசையாதீங்க!" என்று ஐயாத்துரை கத்தினார்.

ஆபீசர் உறைந்துபோனார். "சார்?"

"பேசாதீங்க! கழுத்தத் திருப்பாதீங்க!"

கிட்டே போனார். ஆபீசரின் தோளில் இடது கையை ஊன்றிக் கேமராவை அதன்மேல் வைத்தார். கண்ணை வைத்துப் பார்த்தவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வெள்ளைச் சட்டையில் பட்ட வெயில் அடங்கி, பால் தெளித்ததுபோல், தலை நிழலில் இருந்த பூச்சியின் முகத்தில் ஏறியிருந்தது. எந்தப் பட்டர் பேப்பரும் இப்படிக் கொடுக்காது. பின்னால் சோளத்தின் பச்சை மங்கலாகக் கரைந்து நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. கொம்பு வந்தது. நெற்றி வந்தது. கண்ணுக்குள் இருந்த கோடுகள் வந்தன.

"மூச்சு விடலாமா சார்?" என்று ஆபீசர் உதடு அசையாமல் கேட்டார்.

"கூடாது."

ஊரே சுற்றி நின்று பார்த்தது. ஒரு ஆபீசரை இன்னொரு ஆபீசர் இத்தனை கிட்டத்தில் சோதனை போட்டு யாரும் பார்த்ததில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. பூச்சி முன்கால்களைக் கூப்பி ஒரு கும்பிடு போட்டது. அதையும் எடுத்தார். அது நிதானமாகப் பறந்துபோயிற்று.

"முடிஞ்சது," என்றார் ஐயாத்துரை. "ரொம்ப நல்லா வந்திருக்கு."

தன் கழுத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்த ஆபீசர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கே எல்லாக் காட்டையும் எழுதிர்றேன் சார். ஒரு காடு விட மாட்டேன்." சோலையையும் மொக்கையனையும் முன்னால் விட்டுக்கொண்டு அவர் சோளத்துக்குள் நுழைந்தார். ஷூ கரிசலில் புதைந்தது. அதைக்கூட அவர் சட்டை செய்யவில்லை.

ஐயாத்துரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். ஒன்றுகூட ஆடவில்லை. இது தேறாவிட்டால் வேறு எதுவும் தேறாது! எழுந்து ஆடலாம்போல் இருந்தது. இந்த லென்ஸை விற்கவேண்டியதில்லை, வளையலுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். தீபலட்சுமியிடம் இந்த முகத்தைக் காட்டினால் அவளே அசந்துபோவாள்.

அப்புறம்தான் மனசு குத்தியது. தன் ஒரு படத்துக்காக ஊரையே ஏமாற்றிவிட்டோமே. என்னை நம்பி டீ கொடுத்தார்கள், புழுவைக் கொண்டுவந்து கொட்டினார்கள். நாளைக்கு விஷயம் தெரிந்தால் இவர்கள் என்ன நினைப்பார்கள்? அடி விழுந்தாலும் விழட்டும் என்று எழுந்து, தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த சந்தனம்மாளிடம் போனார்.

"அக்கா, என்னைய மன்னிச்சிருங்க. நான் ஆபீசரே இல்ல. அருப்புக்கோட்டையில பாத்திரக்கட வச்சிருக்கேன். பூச்சிப் படம் எடுக்கத்தான் வந்தேன்."

சந்தனம்மாள் இடுப்பிலிருந்து பைக் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்க படுத்தப்பவே தெரியும் தம்பி, எந்த ஆபீசரு கரிசக்காட்டுல குப்புறப் படுத்தாரு? பெரியவுக வந்திருக்காகன்னு போன்ல சொன்னாத்தான் நெச ஆபீசரு வாராக. நாளைக்கி நரிக்குடிப் பக்கம் எங்க சம்பந்தி காட்டுலயும் இதே மாதிரி வந்து கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போயிருங்க."