மூன்றாம் அத்தியாயம் வரை வாசித்தேன்

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மூவரும் சுகம். போன வாரம் எழுதியிருந்தால் இந்த வரியை எழுதியிருக்க மாட்டேன்.

ஆறு மாதக் குழந்தைக்குப் புத்தகம் வாசித்துக் காட்டினால் பலன் உண்டா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு நர்ஸ், எதை வாசித்தாலும் சரி, தாயின் குரல் காதில் விழுந்தால் போதும் என்றாள். அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். அப்போது என் ஆய்வேட்டைப் பிழை திருத்திக்கொண்டிருந்ததால், கைக்குழந்தையாயிருந்த மகளை மடியில் போட்டுக்கொண்டு, உவர் மண்ணில் நீர் வடியும் வேகத்தை அட்டவணைகள் உட்பட உரக்க வாசித்தேன். இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்தது. பத்தாம் பக்கத்தைத் தாண்டி அவள் விழித்திருந்ததே இல்லை. "பாவம், அவளுக்கு வேற வழி இல்ல" என்பார் உன் அத்தான்.

அதன்பின் பல் துலக்குவது, காய்கறி, விளையாட்டு, போனை அறைக்கு வெளியே வைப்பது எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. இந்த வருடம் பொதுப் பரீட்சை நெருங்கியது, அவள் தூக்கம் போனது. பத்து நாள். ஒரு காலையில் பற்பசையை முகத்தில் பூசிக்கொண்டு நின்றாள். கணக்கு மாதிரித் தேர்வில் கண் அயர்ந்து வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். இந்த வயதில் மாத்திரை தரமாட்டேன், இப்படியே போனால் பரீட்சையை அடுத்த வருடம் எழுதட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெதுவெதுப்பான பால் கொடுத்தேன், மாலையில் நடக்க வைத்தேன், டீயை நிறுத்தினேன், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்தேன். கறுப்புத் துணிக்குள்ளும் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். நேற்று அவளே கேட்டாள்.

"அம்மா, அந்த மண்ணு புத்தகம் இன்னும் இருக்கா?"

பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, ஒன்பது மணிக்கு அவள் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து மூன்றாம் அத்தியாயம் வரை வாசித்தேன். காலையில் கழுத்துவலியோடு அதே நாற்காலியில் கண் விழித்தபோது அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். என் கண் கலங்கியது. பார்க்க யாரும் இல்லாததால் சொல்கிறேன். இப்போது ஞாயிறு காலை மணி ஒன்பதரை, இன்னும் எழவில்லை.

ஆகவே தயங்காமல் வாசி. ஆய்வேட்டின் நகல் ஒன்றைத் தனியாக அனுப்புகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குழந்தை நோய்நொடியின்றி வளரட்டும்.

உன் அக்கா

பி.கு.: அவளைப் பற்றிய கடிதம் என்பதால் உறையில் போடுமுன் அவளிடமே படிக்கக் கொடுத்தேன். "மூணாவது அத்தியாயமா? நாலாவது பக்கத்துலயே குறட்டை விட்டம்மா நீ. பத்து நாளா அரை மணிக்கொரு தடவ கதவத் தொறந்து 'தூங்கிட்டியா, தூங்கிட்டியா'ன்னு கேட்டா எவளுக்குத் தூக்கம் வரும்? நேத்து ராத்திரிதான் யாரும் கேக்கல" என்றாள். அதை மேலே நான் எழுதவில்லை. அக்கறை என்று நினைத்திருந்தேன்.

ஞாயிறு இரவு வாசிக்கவும் இல்லை, கதவைத் திறக்கவும் இல்லை. இன்று திங்கட்கிழமை. மூவரும் கண் விழித்தபோது பள்ளிப் பேருந்து போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. நடத்தியே கூட்டிப்போனேன். பள்ளி அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், 'நன்றாகத் தூங்கிவிட்டாள்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.