தோற்கப் பூசிய மெழுகு

இன்றைக்குத் தோற்றே தீருவது என்று கெப்ஹார்ட் சபதம் எடுத்தான்.

உலகப் பனிச்சறுக்குப் போட்டி. கலப்பு அணிப் பந்தயத்தின் இறுதிச் சுற்று. சொந்தப் பள்ளத்தாக்கு வேறு. வேலிக்கு அப்பால் ஊரே உற்சாகப்படுத்த மாட்டுமணியை ஆட்டிக்கொண்டு நின்றது. இருக்கட்டுமே. நான்கு அணிகள், மூன்று பதக்கங்கள். நான்காவதாக வந்தால் போதும். முப்பத்தேழு வயது, முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை. அதுகூடவா முடியாது?

எல்லாம் மனைவி இல்காவால் வந்தது. அவள்தான் அவனுடைய அணித் தோழியும். இந்தப் பந்தயத்தில் ஆண்கள் நால்வர் முதலில் பலகையில் சறுக்கி இறங்குவார்கள். பெண்கள் மேலே கதவுக்குப் பின்னால் காத்திருப்பார்கள். ஆண் எத்தனை நொடி பிந்துகிறானோ, அத்தனை நொடி பிந்தித்தான் அவன் தோழியின் கதவு திறக்கும். புருஷன் செய்த பாவத்தைப் பெண்டாட்டி சுமக்க வேண்டும் என்று, கல்யாணமான எவனோதான் இந்த விதியை எழுதியிருப்பான்.

கெப்ஹார்டுக்கு இது கடைசிப் பந்தயம். மருத்துவர் கையை விரித்துவிட்டார். இல்காவுக்கோ இருபத்தொன்பதுதான். போன மாதமே சொல்லிவிட்டாள்:

"பதக்கம் வந்தா இன்னும் நாலு வருஷம் ஆடுவேன். வரலைன்னா பலகையைப் பரண்ல போட்டுட்டு உன்கூட வீட்டுக்கு வந்துடறேன். என்ன சொல்றே?"

"உன் இஷ்டம்," என்றான் அவன். பெருந்தன்மை பொங்கிய அந்த நாக்கை இன்றுவரை சபித்துக்கொண்டிருக்கிறான்.

நாலு வருஷம்! அக்டோபரில் கிளம்பினால் ஏப்ரலில்தான் வருவாள். அதுவரை வீட்டில் அவனுக்குத் துணை பதினோரு மாடுகளும் மாமியார் ரோஸ்விதாவும். மூன்று வேளையும் புளித்த பாலாடைக்கட்டி. தொட்டுக்கொள்ள, தன் மகள் யார் யாரையெல்லாம் கட்டியிருக்கலாம் என்ற பட்டியல். ஆனால் உள்ளதைச் சொன்னால், மாடும் மாமியாரும் வெறும் சாக்கு. இல்கா இல்லாத வீட்டை நினைத்தாலே அவனுக்குப் பயமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

முழங்காலை நம்பிச் சும்மா இருந்தால் வேலைக்காகாது என்பது காலையிலேயே தெரிந்துபோயிற்று. காலிறுதியில் அவன் மூன்றாவதாக வந்தான். இல்கா விரட்டிப் பிடித்து அணியை இரண்டாவதாக்கி அடுத்த சுற்றுக்கு ஏற்றினாள். அரையிறுதியிலும் அதே கதை. இப்படியே விட்டால் பதக்கத்தைக் கொண்டுவந்து கழுத்தில் மாட்டிவிடுவாள்.

வழியில் வேகத்தைக் குறைக்கலாம் என்றால் பயிற்சியாளர் ஃப்ளோரின் பார்த்துவிடுவார். கேமராக்களும் பார்க்கும். பலகையின் அடியில் பூசும் மெழுகை யார் பார்க்கப் போகிறார்கள்? அன்று மழையும் பனியும் கலந்து கொட்டி, பாதை கஞ்சியாகக் கிடந்தது. ஈரப் பனிக்கு மஞ்சள் மெழுகு. பச்சை மெழுகு கடுங்குளிருக்கு. அதை இந்தக் கஞ்சிக்குப் பூசினால் பலகை பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும்.

இடைவேளையில் மெழுகுக் கொட்டகைக்குள் நுழைந்து, கையுறைக்கு அடியில் பச்சைக் கட்டியை மறைத்துக்கொண்டு, இஸ்திரிப் பெட்டியால் அதை உருக்கிப் பலகையின் அடியில் தேய்த்தான். வேலை முடிகிற நேரத்தில் இல்கா வந்து நின்றாள்.

"நீயா மெழுகு போடறே?"

"ஏன், போடக்கூடாதா?"

"எட்டு வருஷமா நான்தானே போடறேன். அந்தப் பெட்டியில எந்தப் பக்கம் சுடும்னாவது தெரியுமா உனக்கு?"

"கடைசிப் பந்தயம், இல்கா. என் பலகைக்கு என் கையால பண்ணணும்னு ஓர் ஆசை."

"அடடா! கேட்கவே உருக்கமா இருக்கு. சரி, போய் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுட்டு வா. பலகையை நான் பார்த்துக்கறேன்."

நம்பிவிட்டாள், பாவம் என்று நினைத்துக்கொண்டே போனான். மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

இறுதிச் சுற்றில் ஆண்களின் கதவு திறந்தது. தோற்கிறவன் பாடுபட்டுத் தோற்க வேண்டும். இல்லாவிட்டால் ஊர் வாயை மூட முடியாது. எப்படியும் பலகை ஓடப்போவதில்லை என்ற தைரியத்தில் கெப்ஹார்ட் முழு வீரனாக நடித்தான். வாழ்நாளில் குனியாத அளவு குனிந்தான். ஒவ்வொரு மேட்டிலும் மூச்சைப் பிடித்து அழுத்தினான். பல்லைக் கடித்தான். உறுமினான்கூட.

பலகை பறந்தது.

முதல் வளைவில் ஒருவன் பின்னுக்குப் போனான். இரண்டாவது வளைவில் இன்னொருவன். தாவலில் மூன்றாமவன் தலைக்குமேல் போய் இறங்கியபோதுதான் கெப்ஹார்டுக்கு விபரீதம் உறைத்தது. நிறுத்திவிடலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் கோட்டைத் தாண்டியிருந்தான். முதலாவதாக. அதுவும் இரண்டு நொடி முந்தி.

"இந்த வயசுலயா!" என்று ஃப்ளோரின் கட்டிப்பிடித்து அழுதார். கெப்ஹார்டும் அழுதான். இரண்டும் ஒரே அழுகை என்று தொலைக்காட்சிக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மேலே இல்காவின் கதவு முதலில் திறந்தது. அதற்குப் பிறகு அவளை யார் பிடிப்பது? தங்கம்.

மேடையில் மழையில் நனைந்தபடி இருவரும் நின்றார்கள். வேலியோரம் மாமியார் பெரிய மணியொன்றை ஆட்டிக்கொண்டிருந்தாள். சிரித்த முகம் கலையாமல் இல்கா மெல்லக் கேட்டாள்:

"பச்சை மெழுகுதானே?"

"எப்படித் தெரியும்?"

"எட்டு வருஷத்துல ஒரு காப்பிக் கோப்பையைக் கழுவி வச்சிருப்பியா? நீ தானா போய் ஒரு வேலை செஞ்சா நான் சந்தேகப்பட மாட்டேனா? நீ கட்டுப் போடப் போனதும் சுரண்டி எடுத்துட்டு மஞ்சளைப் பூசினேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா நீ பாதி வழியில பிரேக் போட்டிருப்பே. ஓடாதுன்னு நினைச்சதாலதானே உயிரைக் கொடுத்து ஓட்டினே? இத்தனை வருஷத்துல நீ இவ்வளவு நல்லா ஓட்டி நான் பார்த்ததே இல்லை."

கெப்ஹார்ட் தலையைக் குனிந்துகொண்டான். வெட்கத்தையெல்லாம் அந்த மழையே கரைத்துவிட்டதோ என்னவோ.

"நீ இல்லாம அந்த வீட்ல என்னால இருக்க முடியாது, இல்கா. அதான்..."

இல்கா திரும்பி அவனைப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"மடையா! இதை மெழுகுக்கட்டிகிட்ட போய்ச் சொன்னதுக்குப் பதிலா, போன மாசம் நான் கேட்டப்பவே என்கிட்ட சொல்லியிருந்தா இன்னியோட விட்டிருப்பேனே!"

"இப்பதான் சொல்லிட்டேனே!"

"இப்ப கழுத்துல தங்கம் தொங்குதே," என்றாள் இல்கா.