சாய்வை மட்டும் பாருங்கள்

பெயரில்லாத அந்தத் தாளைக் கோங் சார் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். முகர்ந்துகூடப் பார்த்தார். யாருடையது என்று தெரியவில்லை.

வகுப்புத் தலைவி பெய் லின் சற்று முன்புதான் வகுப்பறையில் ஆசிரியர் மேசை மேல் கிடந்த தாள்களையெல்லாம் ஒரே அள்ளாக அள்ளி வந்து, ஆசிரியர் அறையில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். வாராந்தர ஆங்கிலப் பயிற்சி அது. இங்கிலாந்தில் இருக்கும் பீட்டர் என்ற நண்பனுக்கு நம் ஊர் வசந்த விழாவைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டும். அப்படி ஒரு பீட்டர் எங்கேயும் கிடையாது. ஆனாலும் நாட்டில் உள்ள பிள்ளைகளெல்லாம் பள்ளி முடிக்கும்வரை அவனுக்கு எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவன் ஒரு தடவைகூடப் பதில் போட்டதில்லை.

அந்தக் கட்டின் நடுவே, பீட்டருக்கு எழுதாத ஒரே தாள் இது. அதில் ஆங்கிலத்தில் நாலே வரி.

'தினமும் நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். சூப் ஆறிப்போகும் வரை எதிர் நாற்காலி காலியாகவே இருக்கிறது. நாள் முழுக்கப் பேசுகிறேன். ஆனால் யாரோடும் பேசுவதில்லை.'

கோங் சார் அதை இன்னொரு தடவை படித்தார். ஒரு தப்புகூட இல்லையே என்று கொஞ்சம் பெருமையும் வந்தது. இந்த நேரத்தில் என்ன பெருமை என்று உடனே தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

"கையெழுத்தை வச்சுக் கண்டுபிடிக்க வேண்டியதுதானே?" என்றார் எதிர் மேசை வேதியியல் வாத்தியார் நியே.

"அதுதானே முடியல" என்றார் கோங் சார்.

பொதுத்தேர்வுத் தாள்களை ஸ்கேன் செய்து கணினித் திரையில்தான் திருத்துகிறார்கள். திருத்துகிறவருக்கு ஒரு கடிதத்தை முழுதாகப் படிக்க நேரமில்லை. எழுத்து அச்சடித்த மாதிரி உருண்டையாக, ஒரே சாய்வில் இருந்தால் இரண்டு மதிப்பெண் கூடப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அந்த இரண்டு மதிப்பெண்ணுக்காகக் கோங் சார் போன வருஷத்திலிருந்து தவமாய்த் தவம் கிடக்கிறார். மாலைப் படிப்பு நேரத்தில் கேமராவுக்கு அடியில் தாளை வைத்து, பெரிய திரையில் தெரியும்படி, கை போன போக்கில் எழுதிக்கொண்டே போவார். "என்ன எழுதறேன்னு பார்க்காதீங்க, அர்த்தம் முக்கியமில்ல. சாய்வைப் பாருங்க, சாய்வை மட்டும் பாருங்க" என்பார். பிள்ளைகள் பார்த்தார்கள், பழகினார்கள். இப்போது அந்த வகுப்பில் யார் எழுதினாலும் கோங் சார் எழுதின மாதிரியேதான் இருக்கும்.

கடைசி வரிசை லுவோ தி ஒருத்திதான் விதிவிலக்கு. அவள் எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் சாயும். அவளைத் தவிர மீதி அத்தனை பேர் மேலும் சந்தேகப்படலாம்.

"எல்லாரையும் ஒரே அச்சுல வார்த்துட்டே" என்றார் நியே. "நாளைக்கு உன் பிள்ளைங்க யாராவது மொட்டைக் கடுதாசி எழுதினா போலீஸ் உன்னைத்தான் பிடிக்கும்."

கோங் சார் சிரிக்கவில்லை. தனியாகச் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகளை ஜெங்ஜோ நகரத்துப் பெரிய பள்ளியில் சேர்த்ததிலிருந்து மனைவி அங்கேயே வீடு எடுத்து அவளோடு இருக்கிறாள். இவர் பள்ளிக் குடியிருப்பில் ஒண்டியாக இருக்கிறார். தினமும் மாலையில் போன் வரும்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"என்ன?"

"நூடுல்ஸ்தான். பாப்பா எங்கே?"

"படிக்கிறா. வைக்கட்டுமா?"

அவ்வளவுதான். அன்றைக்கு அந்தத் தாளைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் போன் வைத்தாயிற்று.

மறுநாள் வகுப்பில் அந்தத் தாளை உரக்கப் படித்தார்.

"எழுதினது யாரா இருந்தாலும் பயப்பட வேண்டாம். எங்கிட்டத் தனியா வந்து சொன்னாப் போதும்."

கடைசி வரிசையில் லுவோ தி கையைத் தூக்கினாள்.

"சார், அது வந்து..."

"நீ உட்காரும்மா. உன் கையெழுத்தே உன்னைக் காப்பாத்திடுச்சு."

வகுப்பு சிரித்தது. லுவோ தி உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ முணுமுணுத்தாள்; அது வரிசை வரிசையாக முன்னால் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்துப் பெய் லின் எழுந்தாள்.

"சார், அப்படி ஒருத்தர் இருந்தா நாங்க என்ன பண்ணணும்?"

கோங் சாருக்கு மனசு குளிர்ந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணைத் தாண்டியும் ஏதோ இருக்கிறது.

"பக்கத்துல போய் உட்காருங்க, அவ்வளவுதான். ஏன் தனியா சாப்பிடறேன்னு கேட்கக் கூடாது. ஐயோ பாவம்னு மூஞ்சியில காட்டக் கூடாது. எல்லாருமா மொய்ச்சீங்கன்னா எழுந்து ஓடிப் போயிடுவாங்க. ஒவ்வொருத்தரா, ஏதோ தற்செயலா வந்த மாதிரி வந்து உட்காரணும்."

"சரி சார்" என்றாள் பெய் லின்.

அடுத்த நாள் மதியம், வழக்கம்போலக் கோங் சார் உணவுக்கூடத்துக்குப் போய், தூணுக்குப் பின்னால் இருக்கும் தன் மேசையில் உட்கார்ந்தார். தட்டும் கையுமாக ஃபான் தாலேய் வந்து எதிரில் உட்கார்ந்தான். பள்ளியிலேயே பெரிய வாயாடி அவன். உட்கார்ந்ததும் கூடைப்பந்து, அவன் மாமாவின் மின்சார ஸ்கூட்டர், ஆவியில் வெந்த ரொட்டியை எப்படிப் பிட்டால் ருசி என்று மூச்சு விடாமல் பேசினான்.

'நாள் முழுக்கப் பேசுகிறேன். ஆனால் யாரோடும் பேசுவதில்லை.' கோங் சாருக்குப் பொறி தட்டியது. இவன்தான். இந்தச் சிரிப்புக்குப் பின்னால் இவ்வளவு துக்கமா என்று தன் தட்டிலிருந்த பன்றிக்கறித் துண்டுகளையெல்லாம் அவன் தட்டுக்குத் தள்ளினார்.

"வேண்டாம் சார், நீங்க சாப்பிடுங்க."

"சாப்பிடுடா. எனக்கு எல்லாம் தெரியும்."

"தெரியுமா சார்?" என்று தாலேய் அரண்டு போனான். அதோடு சந்தேகம் தீர்ந்தது.

அன்று சாயங்காலமே வென்ஜோ நகரத்துச் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவன் அம்மாவுக்குப் போன் போட்டார். பையன் மனசு சரியில்லை, கொஞ்சம் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று மட்டும்தான் சொன்னார். அந்த அம்மா பேசவில்லை. லீவு போட்டுவிட்டு ரயிலேறி வந்துவிட்டாள். வந்தவள் பள்ளி வாசலில் நின்று மகனைத் தலை முதல் கால்வரை தடவிப் பார்த்தாள்.

"போன தடவை பார்த்ததுக்கு ரெண்டு சுத்து பெருத்திருக்கான். இவனுக்கா மனசு சரியில்ல? உங்களுக்குத்தான் வாத்தியாரே சரியில்ல. என் ரெண்டு நாள் கூலி யார் தர்றது?"

சத்தம் கேட்டு, அந்த வருஷத்து வகுப்புகளுக்கெல்லாம் பொறுப்பாளரான ஜுவாங் மேடம் மாடியிலிருந்து இறங்கி வந்தார். விஷயம் முழுக்க அவருக்குத் தெரிந்துபோயிற்று.

"தாலேய் இல்லேன்னா வேற யாரு?" என்றார் மேடம்.

"கண்டுபிடிக்கிறேன் மேடம்" என்றார் கோங் சார். மறுநாள் சி யுவே என்ற பெண் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். வாயே திறக்காமல் சாப்பிட்டாள். இவளாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். அடுத்த நாள் வேறொருத்தன், அதற்கடுத்த நாள் இன்னொருத்தி. தன் வகுப்பில் இத்தனை பிள்ளைகள் தனியாகச் சாப்பிடுகிறார்களா என்று அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பொறுக்க முடியாமல் தானே போய் மேடத்திடம் சொன்னார்.

"ஒரு பிள்ளை இல்ல மேடம். நிறைய இருக்கும்போல."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றே உத்தரவு வந்தது. இனி எல்லோரும் எட்டு எட்டுப் பேராகச் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும். மேசைக்கு ஒரு தலைவர், தினமும் வருகைப்பதிவு. ஒதுங்கி உட்கார இடமே இருக்கக் கூடாது என்று தூணுக்குப் பின்னால் இருந்த மேசையையும் தூக்கிவிட்டார்கள்.

அது கோங் சாருடைய மேசை. அதன்பிறகு அவர் சன்னல் திட்டில் கிண்ணத்தை வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டார். தன் பிள்ளைகள் எட்டு எட்டாக உட்கார்ந்து இரைச்சல் போடுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் தினம் ஒருவராக அங்கிருந்து நழுவி அவர் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒருத்தி வெயில் காய வந்தேன் என்றாள். ஒருத்தன் கழுத்துப் பிடிப்பு, நின்றுதான் சாப்பிட வேண்டும் என்றான்.

"உன் மேசைக்குப் போப்பா. கணக்குல இடிக்கும்" என்று விரட்டினார் கோங் சார். போக மாட்டார்கள்.

கணக்கில் இடித்தது. மேடம் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க வகுப்புல தினமும் ஒரு மேசைல ஏழு பேர்தான் இருக்காங்க. தினமும் வேற வேற மேசை. நான் சொல்லி எல்லா வகுப்பும் கேட்குது, உங்க வகுப்பு மட்டும் கேட்கல. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தத் தாளை எழுதினது யாருன்னு எனக்குத் தெரியணும். இல்லேன்னா வகுப்பை வேற ஆள்கிட்டக் கொடுத்துடுவேன்."

கோங் சார் படியிறங்கி வந்தார். அந்த வகுப்பை எடுத்துவிட்டால் அவருக்கென்று என்ன மிச்சம்? போனில் கேட்கும் "வைக்கட்டுமா"தான் மிச்சம். அவர் அதை வெளியில் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக் கெடு எப்படியோ பிள்ளைகள் காதுக்கு எட்டியிருந்தது. அன்று மாலை அவர் கேமராவுக்கு அடியில் எழுதும்போது, பெரிய திரையில் சாய்வு கோணிக்கொண்டு போனதை வகுப்பே பார்த்தது.

வியாழக்கிழமை காலை பெய் லின் ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"எழுதினது நான்தான் சார்."

கோங் சாருக்குப் போன உயிர் வந்தது. "நீயாம்மா?" என்று அவள் தோளைத் தொடப் போனார். அதற்குள் ஃபான் தாலேய் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"நான்தான் சார் எழுதினேன். எங்கம்மாவுக்குப் பயந்து சொல்லல."

"ஏய், நான்னு முடிவு பண்ணியாச்சுல்ல?" என்றாள் பெய் லின் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ சொன்னா யார் நம்புவா? உனக்குத்தான் ஊரெல்லாம் சிநேகிதம்."

மதியத்துக்குள் சி யுவே வந்தாள். கழுத்துப் பிடிப்புக்காரன் வந்தான். அப்புறம் வரிசையே நின்றது. வந்தவர்கள் எல்லோரும் சாட்சிக்கு அந்த நாலு வரியைத் தாங்களே எழுதிக் கொண்டு வந்திருந்தார்கள். ஒன்றுக்கொன்று இம்மி வித்தியாசம் கிடையாது. கோங் சார் அத்தனையையும் அசல் தாளோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போய் மேடத்தின் மேசையில் வைத்தார்.

மேடம் ஒன்றை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அசல் தாள் எது என்று அவருக்கே தெரியாமல் போயிற்று.

"இதுல எதை நான் தலைமை ஆசிரியர்கிட்டக் காட்டுவேன்?"

"தெரியல மேடம்."

மேடம் அந்தத் தாள்களை ஒரே கட்டாக அடுக்கினார். பிறகு குரல் இறங்கியது.

"சாய்வு மட்டும் பிரமாதம். இது கையெழுத்துப் பயிற்சின்னே நான் எழுதிக்கறேன். வகுப்பை நீங்களே வச்சுக்குங்க. அந்த மேசையையும் எடுத்துட்டுப் போங்க. நீங்க நின்னுக்கிட்டு சாப்பிடறதைப் பார்க்கச் சகிக்கல."

வெள்ளிக்கிழமை மேசை பழையபடி தூணுக்குப் பின்னால் வந்துவிட்டது. கோங் சார் உட்கார்ந்தார். வகுப்பு தப்பியது, ஆனால் சந்தோஷமாக இல்லை. இத்தனை அமர்க்களத்துக்கும் பிறகு, எழுதின பிள்ளை யார் என்று தெரியவே இல்லை. அவர் சூப்பை ஆற வைத்துவிட்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

எதிரில் ஒரு தட்டு வந்து உட்கார்ந்தது. கடைசி வரிசை லுவோ தி.

"நீயா? உன் மேல எனக்குச் சந்தேகமே கிடையாதும்மா."

"தெரியும் சார்" என்று அவள் தக்காளி முட்டையைச் சோற்றில் கலந்தாள்.

"எனக்கு மனசே ஆறல. அந்தப் பிள்ளை இந்நேரம் எந்த மூலையில தனியா உட்கார்ந்து சாப்பிடுதோ."

லுவோ தி தட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"சார், நீங்க கேமராவுக்குக் கீழ எழுதும்போது, அர்த்தத்தைப் பார்க்காதீங்க, சாய்வை மட்டும் பாருங்கன்னு சொல்வீங்கல்ல?"

"ஆமா."

"எனக்குத்தான் சாய்வு வராதே. நான் அர்த்தத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

கோங் சாரின் கையிலிருந்த கரண்டி சூப்புக்குள்ளேயே நின்றுவிட்டது. பெரிய திரை, வெள்ளைத் தாள், கை போன போக்கில் ஓடிய நாலு வரி எல்லாம் அவர் கண்முன் வந்தன. காது மடல் சுட்டது. அந்தப் பெண் எதுவும் கேட்காமல், பாவம் என்று முகத்திலும் காட்டாமல், தன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"போய் உன் மேசையில உட்காரும்மா" என்றார் கடைசியில். "மேடம் கணக்கெடுப்பாங்க."

லுவோ தி தன் தட்டிலிருந்து ஒரு முட்டைத் துண்டை எடுத்து அவர் கிண்ணத்தில் வைத்தாள்.

"என் முறை அடுத்த புதன்கிழமைதான் சார். இன்னிக்குச் சும்மா வந்தேன்."